மூக்கால் போன மூச்சு

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் என்னோடு வளர்ந்து, இப்போது மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே அதை வீடெல்லாம் தேடுகிற என் வயதுக்காரர்களே, அந்த இலையுதிர்காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். விளக்குக் கம்பங்களில் எல்லாம் ஆம் என்பதற்கு 'வீ' என்றோ இல்லை என்பதற்கு 'நோன்' என்றோ பலகை தொங்கியது. கியூபெக் பிரிவதா சேர்ந்திருப்பதா என்று பெரியவர்கள் பஸ் நிறுத்தத்திலும் முனைக் கடையிலும் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். எங்கள் பெற்றோருக்கு அப்போது வாக்கு இல்லை, ஆனால் மறுபடியும் மூட்டை கட்ட நேருமோ என்ற பயம் இருந்தது. உங்கள் வீடுகளில் அந்தப் பயம்தான் பெரிதாக இருந்திருக்கும். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய ஒன்று மேல்தட்டில் குடியிருந்தது.

நாங்கள் இருந்தது மூன்று தட்டுக் கட்டடம். கீழே நாங்கள். எங்களுக்கு மேலே அம்மாவின் தம்பியும் அவருடைய மனைவியும். அந்த மாமியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

மாமி எங்கள் ஊர்ப் பக்கம் இல்லை. சென்னையிலிருந்து கைக்குழந்தையாக வந்து, இல்-பிசாரில் புல்வெளி வைத்த தனி வீட்டில், ஒரு பேராசிரியரின் ஒரே மகளாக வளர்ந்தவர். அகதியாக வந்த என் மாமாவை அவர் ஏன் கட்டினார் என்பது எங்கள் ஆட்களுக்குத் தீராத கேள்வியாக இருந்தது. மாமா வந்த புதிதில் நகரத்துப் பெரிய இசைமண்டபத்தில், பார்க்க வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டி வைக்கும் வேலை செய்தார். மாட்டி முடிந்ததும் கதவோரம் நின்று கேட்பாராம். ஒருநாள் பின்வாசல் பூட்டியிருந்ததால் கச்சேரி முடிந்து முன்பக்கமாக வந்த ஒரு பெண்ணிடம், அவர் முகத்தைப் பார்த்துத் துணிந்து தமிழிலேயே சொல்லிவிட்டார். "நீங்கள் ஊதினது மட்டுந்தான் எனக்கு விளங்கினது. மற்றது ஒண்டும் விளங்கேல்லை." அந்தப் பெண் சிரித்தார். அவ்வளவுதான் கதை.

மாமி ஊதியது ஓபோ. கறுப்பு மரத்தில் வெள்ளி விசைகள் பூட்டிய மெல்லிய குழல். நாகசுரம் போல அதற்கும் வாயில் வைக்கும் சீவாளி உண்டு. அந்தச் சீவாளியை மாமி தானே செய்வார். பள்ளி விட்டதும் நான் வெளிப்பக்க இரும்புப் படியில் ஏறி மாமி வீட்டுக்குப் போய்விடுவேன். அம்மா தையல் ஆலையிலிருந்து வரும்வரை அங்கேதான் வீட்டுப்பாடம். சமையலறை மேசையின் ஒரு பாதியில் என் புத்தகங்கள். மறுபாதியில் மாமியின் நாணல் துண்டுகள், சிவப்பு நூல், சவர அலகு போல் கூரான சிறு கத்தி. கமெராவின் பிலிம் சுருள் வரும் கறுப்பு டப்பா உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? அதில் தண்ணீர் ஊற்றிச் சீவாளியை ஊறப் போடுவார். இன்றைக்கு அப்படி ஒரு டப்பாவை என் பிள்ளைகளிடம் காட்டினால் என்னவென்று கேட்பார்கள். ஈர நாணலின் மணம், மழையில் நனைந்த பாயின் மணத்துக்குப் பக்கத்தில் வரும். மாமி சுரண்டுவார், ஊறவைப்பார், குழல் இல்லாமல் வெறும் சீவாளியை ஊதிப் பார்ப்பார். அது காகம் கத்துவதுபோல் கத்தும். நான் சிரிப்பேன். "சிரிக்காதேடி, இது நல்ல காக்கா" என்பார்.

ஊதுகிறவர்களுக்கு மூச்சுப் போதாது என்றுதானே நினைப்போம். ஓபோவில் நேர்மாறு. சீவாளியின் வாய் அவ்வளவு ஒடுக்கம். உள்ளே இழுத்த மூச்சு வெளியேற வழியில்லாமல் நெஞ்சிலேயே நிற்கும். அதனால் நடுவில் பழைய மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் புது மூச்சு எடுக்க வேண்டும். அவ்வளவு அழுத்தத்தையும் வாய்க்குள் பூட்டி வைத்திருப்பது அண்ணத்தின் பின்பக்கத்து மெல்லிய தசை. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. தெரிய வந்த விதம்தான் இந்தக் கதை.

அந்த வருடம் மாமிக்குப் பரீட்சை வருடம். பெரிய இசைக்குழுவில் முதல் ஓபோ நாற்காலி காலியானபோது தேர்வுக்குப் போயிருந்தார். திரைக்குப் பின்னால் நின்று வாசிக்க வேண்டும். ஆணா பெண்ணா, வெள்ளையா கறுப்பா என்று கேட்பவர்களுக்குத் தெரியக்கூடாது. சப்பாத்துச் சத்தம்கூடக் காட்டிக் கொடுக்கும் என்று காலுறையோடு நடந்து போனாராம். வென்றார். ஆனால் வென்றதும் நாற்காலி சொந்தமாகிவிடாது. ஒரு வருடம் உட்கார வைத்துக் கேட்டுவிட்டு, குழுவின் மூத்த வாசிப்பாளர்கள் சிலர் கூடி, வைத்திருப்பதா அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். கிறிஸ்மஸுக்கு முன் அந்த முடிவு வரும்.

அந்த மூத்தவர்களில் ஒருவர் மாமிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது ஓபோ. நரைத்த மனிதர், போஞ்சூர் என்ற வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவர். "அவர் காதுக்குத்தான் பயமா இருக்கு" என்று மாமி சொல்லுவார். "தப்பு பண்ணா திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனா அவருக்குத் தெரியும்."

ஒரு பின்னேரம் நான் பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மாமி ஜன்னலைப் பார்த்து நின்று ஒரு மெதுவான மெட்டை வாசித்துக்கொண்டிருந்தார். டிசம்பர்க் கச்சேரியில் அது வரும். முழு இசைக்குழுவும் அடங்க, ஓபோ மட்டும் தனியே பாடுகிற இடம். பலநாள் கேட்டு எனக்கே மனப்பாடம். மெட்டு மேலே ஏறி உச்சியில் நிற்கும்போது திடீரென்று ஒரு சத்தம். தூக்கத்தில் குறட்டை விடுகிறவர் சட்டென்று விழித்தால் வருமே, அப்படி. மாமி குழலை இறக்கினார். மூக்கைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி வாசித்தார். அதே இடம், அதே சத்தம். காற்று மூக்கு வழியாகப் போய்விட்டது, வாயில் சுரம் அறுந்து நின்றது.

"தடிமனோ மாமி?" என்று கேட்டேன்.

"அப்படித்தான் இருக்கும்" என்றார்.

ஆனால் தும்மல் இல்லை, இருமல் இல்லை. அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த கிழமை இன்னும் சீக்கிரமாக வந்தது. ஒத்திகை நீண்ட நாட்களில் வீட்டுக்கு வந்து ஊதவே முடியவில்லை. மாமி குழலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பிறகு அழுவார். அந்த அழுகையிலும் மூக்கால் வருகிற சத்தம் அதே மாதிரி இருந்தது எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சும்மாக் கதை தமிழில், ரகசியம் பிரெஞ்சில். அம்மாவுக்குப் பிரெஞ்சு வராது. அன்றைக்கு மாமி பிரெஞ்சில் சொன்னார், இது யாருக்கும் தெரியக்கூடாது, மாமாவுக்கும். இசைக்குழுவில் ஒருவருக்கு உடம்பில் பழுது என்று தெரிந்தால் அடுத்த நாளே அந்த நாற்காலிக்கு வேறு பெயர் சொல்லத் தொடங்குவார்களாம். அவரைப் பார்த்து நான் தலையாட்டினேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் தன் பயத்தைக் கொடுத்து வைப்பது எவ்வளவு பாரம் என்று மாமிக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றுகிற நிலையில் அவர் இல்லை.

கீழ்த்தட்டில் இன்னொரு கதை வளர்ந்துகொண்டிருந்தது. கூரை வழியே அம்மாவுக்குக் கேட்டது இவ்வளவுதான்: பாட்டு, திடீரென்று நிறுத்தம், விசும்பல். வேலையால் வந்து கோட்டைக் கழற்றாமலே நின்று மேலே பார்ப்பார்.

"ஏன் பிள்ளை, மாமி ஏன் அழுறா?"

"எனக்குத் தெரியாது."

"மாமா ஏசுறவரே?"

"இல்லை."

"அடிக்கிறவனே?"

"இல்லையம்மா!"

நான் குரலை உயர்த்தியதையே அம்மா ஒரு பதிலாக எடுத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் மாமியின் கோட்டைத் தோய்க்கக் கொண்டுவந்தபோது சட்டைப்பையில் சிகரெட் சுருட்டும் தாள் இருந்தது. ஓபோவின் விசைகளுக்கு அடியில் எச்சில் தேங்கினால் அந்தத் தாளை வைத்துத்தான் ஒற்றி எடுப்பார்கள், வேறு தாள் அவ்வளவு மெல்லிதாய் இருக்காது. நான் இதைச் சொன்னேன். அம்மா நம்பவில்லை. "உனக்கு அப்பிடிச் சொல்லித் தந்திருக்கிறா" என்றார். சிவந்த கண், சிகரெட் தாள், மேசையில் கத்தி, விசும்பல். அம்மா எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டார்.

இன்னொன்றும் அம்மாவின் மனதில் முதலிலிருந்தே இருந்தது. என் பெரியம்மாவிடம் தொலைபேசியில் குரலை இறக்கிச் சொன்னதைக் கேட்டேன். "எங்கட ஊரிலை கோயில்லை ஊதுறவை வேறை ஆக்கள் எல்லே அக்கா. இவன் விசாரிக்காமல் கட்டிப்போட்டான்." வேறை ஆக்கள் என்றால் என்ன என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. விளங்கிய வயதில் அம்மாவோடு சில மாதம் நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அது வேறு கதை.

கடைசியில் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டார். இல்-பிசாரிலிருந்து மாமியின் அப்பாவும் தன் பெரிய காரில் வந்தார். கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எங்கள் பிளாஸ்டிக் உறை போட்ட சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். மகளின் கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. அப்பா அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, இது தன் விஷயம் இல்லை என்பதுபோல் சமையலறை வாசலில் நின்றார். நான் அப்பாவின் கைக்குக் கீழே நின்றேன்.

அம்மா தொடங்கினார். "ஐயா, நீங்கள் படிச்ச மனுசன். உங்கட பிள்ளைக்கு என்ன நடக்குதெண்டு எங்களுக்கு விளங்கேல்லை. ஒவ்வொரு பின்னேரமும் அழுறா. சிகரெட்டுத் தாள் வைச்சிருக்கிறா. என்ரை தம்பி ஏதும் பிழை விட்டிருந்தால் இப்ப, எல்லாருக்கும் முன்னாலை சொல்லட்டும். நான் அவன்ரை பக்கம் கதைக்க மாட்டன்."

"அக்கா, நான் என்ன செய்தனான்?" என்றார் மாமா. மாமியின் பக்கம் திரும்பி, "நீ அழுறனியே?" என்று கேட்டார். அவர் அப்போது பொதி விநியோக வண்டி ஓட்டினார். அவர் வீடு திரும்புவதற்குள் மாமி முகத்தைக் கழுவிவிடுவார்.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "நான் அப்பவே சொன்னேன். ஊதறது ஒரு வேலையா? மாஸ்டர்ஸ் முடிச்சிட்டு ஒரு காலேஜ்ல சேர்ந்திருந்தா இந்த டென்ஷன்லாம்..."

"அப்பா, ப்ளீஸ்."

"உன் நல்லதுக்குத்தாம்மா."

மாமி எழுந்து வெளியே போனார். இரும்புப் படியில் அவர் ஏறுகிற சத்தம் கேட்டது. போய்விட்டார் என்றே நினைத்தோம். அம்மாவின் கை தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு படியில் இறங்குகிற சத்தம். மாமி கோட்டும் போடாமல், கையில் பூட்டிய குழலோடு வந்து நடுவீட்டில் நின்றார். சீவாளி வாயில் இருந்தது. அதை எடுத்துக் குழலில் செருகிவிட்டு, "கேளுங்க" என்றார்.

அந்த மெதுவான மெட்டை வாசித்தார். எங்கள் வீட்டில் என்னைத் தவிர மற்றவர்கள் அதைக் கூரை வழியாகத்தான் கேட்டிருந்தார்கள். சின்ன அறையில், இவ்வளவு கிட்டத்தில், அந்த ஒலி காதுக்குள் அல்ல, நெஞ்செலும்பில் கேட்பதுபோல் இருந்தது. அம்மாவின் வாய் சற்றுத் திறந்தது. மெட்டு ஏறியது. அது எங்கே உடையும் என்று எனக்குத் தெரியும். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். உடைந்தது. மாமி நிறுத்தவில்லை. மூக்கால் அந்தச் சத்தம் வர வர, சுரம் துண்டு துண்டாக விழ விழ, கண்ணில் நீர் வழிய, இசை முழுவதும் போய்க் காற்று மட்டும் மிஞ்சும்வரை ஊதினார்.

பிறகு குழலை இறக்கிச் சொன்னார். "இதுதான். அவர் என்னை ஒண்ணும் பண்ணல. வாய்க்குள்ள காத்து நிக்க மாட்டேங்குது, மூக்கால போயிடுது. ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் தெரிஞ்சா என் இடம் போயிடும். அதுக்குத்தான் அழறேன்."

அம்மாதான் முதலில், மிகவும் சின்னக் குரலில், "தடிமனோ பிள்ளை?" என்றார்.

பேராசிரியர் எழுந்து நின்றுவிட்டார். "எப்பலேர்ந்து?"

"அக்டோபர்ல ஆரம்பிச்சது."

"ஹை பிரஷர்ல மட்டும் வருதா? அப்ப அது வால்வு மாதிரிதான். சீல் ஆகாம லீக் ஆச்சுன்னா..."

"நான் பைப் இல்லப்பா" என்றார் மாமி.

பேராசிரியர் மறுபடி உட்கார்ந்தார். தொப்பியை மடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் எஞ்சினியரிங் சொல்லிக் கொடுப்பவர். அறிந்த மொழியில் பதறினார் என்று இன்றைக்கு நினைக்கிறேன். அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மாமா கேட்டது ஒன்றே ஒன்று. "எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா வாசிக்காதேன்னு சொல்லுவீங்க."

மாமா தன் கோட்டை எடுத்து அவர் தோளில் போட்டார்.

கோட்-டெ-நெய்ஜில் ஒரு மருத்துவரிடம் மாமா கூட்டிப் போனார். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, ஊதச் சொல்லிப் பார்த்தாராம். தசை களைத்துப்போய்விட்டது, பல மாதம் ஊதாமல் இருக்க வேண்டும், அதற்குப் பிறகும் தேறாவிட்டால் ஒரு சின்ன அறுவை செய்யலாம் என்றார். கச்சேரிக்கு இரண்டு கிழமைகூட இல்லை. முடிவெடுக்கும் மூத்தவர்கள் அந்தக் கச்சேரியைத்தான் கடைசியாகக் கேட்கப் போகிறார்கள்.

"சொல்லிப்போட்டு லீவு எடு" என்றார் மாமா.

"பரீட்சை வருஷத்துல லீவு எடுத்தவங்க யாரும் திரும்பி வந்ததில்ல."

"வாசிச்சுப் பழுதாப் போனால்?"

"வாசிச்சே ஆகணும்."

மேல்தட்டில் அவர்கள் இப்படிக் கதைத்துக்கொண்டிருக்க நான் பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். எந்த விடையும் சரியாக வரவில்லை.

மாமி ஒரு வழி கண்டுபிடித்தார். சீவாளியை இன்னும் மெல்லிதாகச் சுரண்டினால் குறைந்த மூச்சே போதும், அண்ணத்தில் அழுத்தம் குறையும். ஆனால் ஒலி சிறுத்துவிடும். பெரிய மண்டபத்தில் பின்வரிசை வரை போகாது. அதிகம் சுரண்டினால் சுருதி இறங்கிவிடும், சீவாளி குப்பைக்குத்தான். வீட்டில் பாட்டு நின்றுபோனது. கத்தி சுரண்டும் சத்தமும் காகக் கத்தலும்தான் கேட்டன. கூரைக்கு மேலே பாட்டு இல்லாதது அம்மாவை முன்பைவிடக் கலவரப்படுத்தியது. அவர் தடிமன் என்ற முடிவை விட்டுக்கொடுக்கவில்லை. மல்லியும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் அவித்து, செம்பில் ஊற்றி, என்னிடம் கொடுத்து மேலே அனுப்புவார். "சூட்டோடை குடிக்கச் சொல்லு." மாமி ஒவ்வொரு நாளும் குடித்தார். சிகரெட் தாளைப் பற்றி அம்மா பிறகு பேசவே இல்லை.

கச்சேரி நாள். மாமா எங்களுக்கு மேல்மாடத்தில் ஓரத்து ஆசனங்கள் எடுத்திருந்தார். அம்மா கூறைச்சேலை கட்டி, அதன்மேல் குளிர்கோட்டும், காலில் பனிச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு மெத்ரோவில் வந்தார். அவ்வளவு பெரிய மண்டபத்துக்குள் நானும் அம்மாவும் அப்பாவும் கால் வைத்தது அன்றுதான். மாமாவுக்கு மட்டும் பழக்கம். கோட்டு வாங்கியவரோடு கை குலுக்கினார். கீழே, முன்வரிசைகளில் ஒன்றில், மாமியின் அப்பாவின் வழுக்கைத் தலை தனியாகத் தெரிந்தது.

எல்லோரும் வந்து அமர்ந்ததும் மண்டபம் அடங்கியது. மாமி ஒரே ஒரு சுரத்தை நீளமாக ஊதினார். அத்தனை வாத்தியங்களும் அந்தச் சுரத்தோடு தங்களைச் சேர்த்துக்கொண்டன. "ஏன் எல்லாரும் அவவைப் பாக்கினம்?" என்று அம்மா கேட்டார். "அவ சுருதி குடுக்கிறவ அக்கா" என்றார் மாமா. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த இடம் வரும்வரை என்ன வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மாமியின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடத்துனர் இடக்கையைத் தாழ்த்தினார். வயலின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மாமி தொடங்கினார்.

ஒலி மெல்லியதாக இருந்தது. எங்கள் வீட்டில் நெஞ்செலும்பில் கேட்டது, இங்கே நூலாக வந்தது. ஆனால் அறுபடாமல் வந்தது. முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது தொடங்கியது. மெட்டு ஏற ஏற நான் மூச்சை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டேன், ஏதோ என் மூச்சையும் அவருக்கு அனுப்ப முடியும் என்பதுபோல். மாமா கண்ணை மூடியிருந்தார். உச்சிக்கு ஒரு படி கீழே மாமி நிறுத்தினார். ஒரு கண்ணிமைப்பொழுது. மூச்சு எடுத்தார். அங்கே மூச்சு எடுக்கக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அது ஒரு சொல்லின் நடுவில் வாயை மூடுவது போன்றது. பிறகு உச்சியைத் தொட்டார். நின்றார். நின்ற அந்தச் சுரத்தின் அடியில், மிக மெலிதாக, அந்தச் சத்தம்.

எனக்குக் கேட்டதா, நான் எதிர்பார்த்ததால் கேட்டதா என்று இன்றுவரை சொல்ல முடியவில்லை. அம்மாவுக்குக் கேட்கவில்லை. ஆனால் நடத்துனரின் தலை ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பியது. பக்கத்து நாற்காலி மனிதர் திரும்பவில்லை. தன் குழலை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயலின்கள் வந்து மெட்டை வாங்கிக்கொண்டன.

பின்வாசலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மாமி வெளியே வந்ததும் அம்மா போய் அவர் கையைப் பிடித்தார். "நல்லா இருந்தது பிள்ளை. ஒரு குறையும் இல்லை."

மாமியின் அப்பா சற்றுத் தள்ளி நின்றார். தொப்பியிலும் தோளிலும் பனி. கிட்டே வந்து சொன்னார், "செகண்ட் ஃப்ரேஸ்ல, மேல போறதுக்கு முன்னாடி, ஒரு மூச்சு எக்ஸ்ட்ரா எடுத்தே."

மாமி அவரை உற்றுப் பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி வீட்ல விட்டுட்டுப் போன டேப் எல்லாம் கார்ல இருக்கு. காலேஜுக்குப் போக வர அதுதான் போடுவேன்." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த இடத்துல நீ எப்பவும் மூச்சு எடுக்க மாட்டே."

மாமி அவர் கோட்டில் முகத்தை வைத்து அழுதார். அவர் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் சிறிது நேரம் காற்றில் நின்றன. பிறகு மகளின் முதுகில் இறங்கின. அதுவரை அந்த மனிதரைக் கல் என்று நினைத்திருந்தோம், நானும் அம்மாவும்.

தொலைபேசி அழைப்பு ஒரு பின்னேரம் வந்தது. நான் மேசையில் இருந்தேன். மாமி சுவரோடு சாய்ந்து நின்று கேட்டார். "வீ... வீ... ஜெ கொம்ப்ரான்... மெர்சி." விளங்குகிறது, நன்றி என்று சொல்லி வைத்துவிட்டார். என்னைப் பார்த்து, ரகசியம் எதுவும் மிச்சமில்லை என்பதால் தமிழிலேயே சொன்னார். "வேணாம்னுட்டாங்க. மூச்சுல கட்டுப்பாடு பத்தலையாம்."

பிறகு மேசையில் கிடந்ததையெல்லாம் அள்ளி ஒரு டப்பாவுக்குள் போட்டார். கத்தியை உறையில் இட்டார். மேசை முழுவதும் எனக்கு வந்தது. அவ்வளவு பெரிய மேசையில் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க மாமி ஊதவில்லை. வசந்தத்தில் அண்ணத்தில் சின்ன அறுவை நடந்தது. தேறிய பிறகு, குழந்தை எழுத்துப் பழகுவதுபோல், ஒரு சுரம், இரண்டு சுரம் என்று மறுபடி தொடங்கினார். அடுத்த வருடம் மேற்கே ஒரு நகரத்து இசைக்குழுவில் திரைக்குப் பின்னால் நின்று வாசித்து மறுபடி வென்றார். திரையை விலக்கியதும் முதல் வேலையாக, தனக்கு அண்ணத்தில் பழுது வந்ததையும் தைத்ததையும் அவர்களிடமே சொன்னாராம். "அப்படியா, இப்போது சரிதானே?" என்று கேட்டுவிட்டு நாற்காலியைக் கொடுத்தார்கள். மாமாவும் மாமியும் வீட்டைக் காலி செய்து போனபோது அம்மா மூன்று நாள் யாரோடும் கதைக்கவில்லை. மாமி அந்த நாற்காலியில்தான் தலை நரைத்தார்.

போன வருடம் ஓய்வு பெற்றார். வாழ்த்துச் சொல்லத் தொலைபேசி எடுத்தபோது வெகுநேரம் கதைத்தோம். அன்றைக்குத்தான் எனக்கு அதைச் சொன்னார். சில வருடங்களுக்கு முன் ஒரு கச்சேரி முடிந்து வெளியே வந்தபோது, பின்வாசலில் கைத்தடியோடு ஒரு கிழவர் காத்து நின்றாராம். மொன்றியலில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர். அந்த நகரத்தில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார். போஞ்சூர் சொன்னார். பிறகு, இத்தனை காலம் வாயில் வைத்திருந்ததை இறக்குவதுபோல், நின்றபடியே சொல்லி முடித்தாராம். அவருக்கும் அதே பழுது இருந்தது. மாமிக்கு வருவதற்குப் பல வருடம் முன்பே. அதற்காகவே முதல் நாற்காலிக்குப் போட்டியிடாமல், அழுத்தம் குறைந்த இரண்டாவதில் ஒதுங்கிக்கொண்டார். மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. மாமியின் மூக்கில் அந்தச் சத்தம் வந்த முதல் ஒத்திகையிலேயே அது என்னவென்று அவருக்குத் தெரியும். மூத்தவர்கள் கூடி மூச்சுக் கட்டுப்பாடு போதாது என்றபோது, அது களைத்துப்போன தசை, ஓய்வு கொடுத்தால் தேறும் என்று சொல்ல வாய் திறந்தாராம். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்று மூடிக்கொண்டார்.

"உங்களுக்குக் கோபம் வரேல்லையா மாமி?" என்று கேட்டேன்.

"வந்தது. வராம இருக்குமா? கார்ல ஏறி உட்கார்ந்து கத்தினேன், உங்க மாமா பயந்தே போயிட்டார்." மேற்கே எங்கோ அவர் வீட்டில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. "அப்புறம் நினைச்சுப் பார்த்தேன்டி. நான் பயந்தது ஒரே ஒரு சீசன். அந்த மனுஷன் ரிட்டயர் ஆகிற நாள் வரைக்கும் பயந்துகிட்டே உட்கார்ந்திருக்கார். அதுவும் என் பக்கத்துலயே."